தண்டனைச் சட்டத்துக்கு ஒரு நாள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குற்றவியல் மசோதாக்களை எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று ஆராய்ந்த பிறகே நம் சட்டப்பேரவை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். மகனைக் குண்டாஸில், அதாவது குண்டர் தடுப்புச் சட்டத்தில், போட்டுவிட்டார்கள் என்று வரும் தாய்மார்களுக்கு ஆட்கொணர்வு மனு தயார் செய்வதுதான் என் வேலையில் பாதி. போன மாதம் ஒரு அம்மா, அடைத்ததற்கான ஆதாரம் என்று சிறையில் மகனிடம் அதிகாரிகள் கொடுத்த ஆவணக் கட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தார். புரட்டினால் பல பக்கங்களில் ஜெராக்ஸ் மை அப்பி ஒரு எழுத்தும் தெரியவில்லை, ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது, பையனுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. இப்படிப்பட்ட காரணத்துக்காகவே உயர் நீதிமன்றம் எத்தனையோ தடுப்புக் காவல் ஆணைகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் ஐந்தாறு மாதம் உள்ளே கழிந்துவிடும்.

1982-இல் வந்த சட்டம் இது. 2004-இல் திருட்டு விசிடி, 2014-இல் இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. சரி, எல்லாம் சேர்க்க வேண்டியவையாகவே இருக்கட்டும். வழக்கு விசாரணையே இல்லாமல் ஒருவரை ஒரு வருடம் வரை அடைத்து வைக்கும் அதிகாரத்தை விரிவாக்கும்போது, ஏற்கெனவே போட்ட ஆணைகள் ஏன் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்று எம்.எல்.ஏ.க்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, காவல்துறை அதிகாரிகளையும் கைதிகளின் குடும்பத்தாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா?

2025 ஜனவரி 10-ஆம் தேதி பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதா தமிழகச் சட்டப்பேரவைக்கு வந்தது, மறுநாளே நிறைவேறியது. பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 வருடத்திலிருந்து 14 வருடமானது. அதன் நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் குற்றம் செய்தவன் சொந்தக்காரனாக இருக்கும் வழக்கில், 14 வருடம் என்றதும் வீட்டார் அந்தப் பெண்ணை வாயடைத்து சாட்சியைப் பிறழ வைப்பார்களா என்று மகிளா நீதிமன்றத்தில் தினமும் நிற்கும் அரசு வழக்கறிஞர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒரே நாளில் யாரைக் கேட்க முடியும்?

கேரளத்தில் 1980-இலிருந்து துறைவாரியாகப் பேரவைக் குழுக்கள் இருக்கின்றன, மசோதாக்கள் அங்கே போய் வருவதுதான் வழக்கம். மத்திய அரசின் புதிய குற்றவியல் சட்டங்கள்கூட, அவற்றின் மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழுவுக்குப் போயின, நவம்பரில் அறிக்கை வந்தது, டிசம்பரில் மசோதாக்களைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். நம் பேரவையில் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு எல்லாம் உண்டு, உள்துறை மசோதாவை வரி வரியாகப் பார்க்க நிலையான ஒரு குழு கிடையாது. ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கும் தேர்வுக்குழுவுக்கு அனுப்ப விதியில் இடம் இருந்தும் அனுப்புவது அபூர்வம்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதாவை அவசரமாக நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற வேண்டி வந்ததே. தொழிற்சங்கங்களை முன்பே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த நிலை வந்திருக்காது. தொழிலாளர்களுக்காவது சங்கம் இருக்கிறது, தெருவில் இறங்க முடிந்தது. மஞ்சப்பையோடு வந்த அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த குற்றவியல் மசோதா வரும்போது ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து, இதைக் குழுவுக்கு அனுப்புங்கள், இரண்டு மாதம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். குழு கூப்பிட்டால் அந்தக் கறுத்த ஜெராக்ஸ் பக்கங்களை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா, மதுரை