இரண்டு வரியில் முடிகிற வேலையா இது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே செம்புத் தகட்டில் படம் பொறிப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். படத்தைப் பிரிண்ட் எடுத்து, தகட்டில் கவிழ்த்து இஸ்திரி போட்டு, செம்பை அரிக்கிற ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால் வேலை முடிந்தது என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டீர்கள். முக்கிய பிறகு அந்தக் கரைசல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். படம் தகட்டுக்கு ஒழுங்காக மாறுகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதைத்தான் நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

எந்தப் பிரிண்டர் என்றே சொல்லவில்லை. லேசர் பிரிண்டர்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ். வீடுகளில் இருக்கிற இங்க்ஜெட் தெளிப்பது தண்ணீர் கலந்த மை, அது இதற்கு உதவாது. லேசரின் டோனர் என்பது கருப்பு நிறப் பிளாஸ்டிக் தூள், சூட்டில் இளகித் தாளில் ஒட்டியிருக்கிறது, மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், செம்பை அரிக்கிற கரைசல் அந்தப் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. 1938-ல் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் ஜெராக்ஸ் பிரதியிலும் உலர்ந்த தூளைச் சூடு காட்டித்தான் தாளில் ஒட்டவைத்தார்.

எழுத்து இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும். கருப்பாக இருக்கும் இடம் தகட்டில் மேடாக நிற்கும், வெள்ளை இடம்தான் பள்ளமாகும். எழுத்து பள்ளமாக வேண்டுமென்றால் கருப்பு வெள்ளையை மாற்றிப் போட வேண்டும். தாள் வழவழப்பான பத்திரிகைத் தாளாக இருந்தால் நல்லது, மேற்பூச்சு இருப்பதால் டோனர் தாளின் நாருக்குள் இறங்காது. ஆனால் இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் பூச்சுப் போட்டோ தாளை லேசர் பிரிண்டரில் விட்டுவிடாதீர்கள், உள்ளே உருகி ஒட்டிக்கொண்டால் பிரிண்டரே போய்விடும்.

தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவியதும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே படலமாகப் பரவி நின்றால்தான் தயார். அப்புறம் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தாளைத் தகட்டில் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியின் நீராவியை அணைத்துவிட்டு, பெட்டியைத் துணி தேய்ப்பது போல இழுக்காமல் அழுத்தி வையுங்கள், இழுத்தால் கோடுகள் கலைந்துவிடும். தகடு தடிமனாக இருந்தால் சூடேற நேரம் எடுக்கும். ஆறியதும் தண்ணீரில் ஊறவைத்து, தாளைப் பிய்க்காமல் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஈரமாக இருக்கும்போது சுத்தமாகத் தெரியும், காய்ந்ததும் நுண்ணிய கோடுகளுக்கு நடுவே வெள்ளையாகத் தாள் நார் பூத்து நிற்கும், அந்த இடத்தில் கரைசல் சரியாக அரிக்காது. திரும்ப ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். டோனர் விட்டுப்போன இடங்களை பெர்மனன்ட் மார்க்கரால் நிரப்பலாம், தகட்டின் பின்பக்கத்துக்கு டேப் ஒட்டிவிடலாம்.

இதெல்லாம் போகட்டும், தகடு கெட்டால் இன்னொரு தகடு. மீந்த கரைசலை சிங்க்கில் ஊற்றிவிடலாம் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் பெரிய தப்பு. அதில் கரைந்திருக்கிற செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, உலோகக் குழாயையும் ஸ்டீல் தொட்டியையும் கூட அந்தக் கரைசல் அரித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வேகம் குறைந்து உதவாமல் போனதும் அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அலுமினியத் தகட்டை அதில் போடவே கூடாது, பயங்கரமாகச் சூடேறிப் பொங்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் என்று ஒரு வார்த்தைகூட உங்கள் குறிப்பில் இல்லை. மற்றதற்கு இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை, சிங்க்கில் ஊற்றச் சொன்னதற்கு மட்டுமாவது அடுத்த இணைப்பிதழில், அதே பக்கத்தில், திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்