பாட்டன் பாட்டி பெயர் சான்றிதழில் ஏறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆனால் பல வீடுகளில் அது குலதெய்வக் கோயிலில் குழந்தையின் காதில் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஷ், ஸ் கலந்த வேறொரு பெயர் ஏறுகிறது. முன்பு மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயருள்ள பையனைச் 'சாமி', 'கண்ணு' என்றே கூப்பிட்டார்கள்; பதிவேட்டில் மட்டும் பாட்டன் பெயர் பத்திரமாக இருந்தது. இப்போது பதிவேட்டிலேயே இல்லாததால் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச் சேராது.

எந்தப் பெயர்கள் மீளும்? ஊர்க்கோயிலை ஒட்டியவற்றுக்கே வாய்ப்பு அதிகம். சென்னிமலைக்குச் சென்னியப்பன், மருதமலைக்கு மருதாசலம், திருச்செங்கோட்டுக்கு அர்த்தநாரி, கொடுமுடிக்கு மகுடேஸ்வரன், அவிநாசிக்குக் கருணாம்பிகை. மகுடேஸ்வரன் அப்படியே நிற்கும். பெண் பெயர்களில் இளம் பெற்றோரைத் தயங்க வைப்பது ஆத்தாள், ஆயி, அக்காள் என்ற முடிவுகள்தான். அவற்றை மட்டும் எடுத்தால் வள்ளியாத்தாள் வள்ளி ஆவாள், பாவாயி பாவை ஆவாள்; பாட்டியின் பெயர் கெடாது. விடுதலைப் போராட்ட வீரர் தீரன் சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. அதை இன்று யாரும் வைப்பதில்லை. 'தீரன்' என்று ஆசையாக வைக்கிறார்கள். கூப்பிடச் சுருக்கமாக இருந்தால் பழமை ஒரு தடையே இல்லை.

குப்பாயி, குப்பண்ணன் போன்றவை வேறு வகை. முந்தைய குழந்தைகள் தவறிய வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து வைத்த பெயர்கள் அவை. அந்தத் தாய்மாரின் பயத்தை மதிக்க வேண்டும், குழந்தைமேல் ஏற்ற வேண்டாம். போதும்பொண்ணு ஒழிந்ததே நல்லது. பழைய பெயரோடு சாதிப் பட்டத்தையும் திரும்பக் கொண்டுவரத் தேவையில்லை.

பாட்டிமார் பெயரைத் தேடுவதுதான் சிரமம். மொய் நோட்டிலும் கோயில் வரி நோட்டிலும் ஆண்கள் பெயரே இருக்கும். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய வாக்காளர் பட்டியல், இறப்புச் சான்று ஆகியவற்றைப் பாருங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் நான்கு தலைமுறைக்கு எழுதி வைத்தால், குழந்தை பிறக்கும்போது கையில் பட்டியல் இருக்கும்.

ஆஸ்பத்திரியிலேயே பெயர் கொடுக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் ஏறிய பெயரை, பிடிக்கவில்லை என்று மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துவார்கள்.

பழைய பெயர்களில் சிக்கல் வருவது ஆங்கில எழுத்தில்தான். வள்ளிக்கு 'எல்' ஒன்றா இரண்டா, மருதாசலத்தில் 'எச்' வருமா என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்றால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். இரண்டு மொழியிலும் தாளில் எழுதிக் கொடுத்து, கணினியில் ஏற்றியதை ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
காங்கேயம்.