காதலுக்கும் அந்த உலகத்தின் விதி பொருந்தட்டும்

தமிழில் அறிவியல் புனைவுத் தொடர் எழுதுகிற, எழுதத் திட்டமிட்டிருக்கிற திரைக்கதை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் சிலர் கூடி அறிவியல் புனைவுத் தொடர்கள் பார்ப்போம். பார்த்து முடித்தபின் வருகிற விவாதம் எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இதற்குள் காதல் எதற்கு? விண்கலம், காலப்பயணம், வேற்றுக்கிரகம் என்று இவ்வளவு இருக்கும்போது ஜோடி சேர்க்கிற வேலை வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மனிதர்கள் இருக்கிற கதையில் காதல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பது புரிகிறது. பல தொடர்களில் காதல் கதைக்குள் உழைக்காமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்யக்கூடியவர்கள் நீங்கள்தான் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் ஒட்டவைத்த காதலுக்கு ஒரு உதாரணம். 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' 1995 முதல் 2001 வரை ஏழு சீசன் ஓடியது. நான்காவது சீசனில் கலத்துக்கு வந்து சேர்கிறவள் செவன் ஆஃப் நைன். சிறுவயதில் 'போர்க்' (Borg) என்ற இயந்திர மனிதக் கூட்டத்தால் பிடிக்கப்பட்டு, பாதி இயந்திரமாக வளர்க்கப்பட்டவள். மனுஷியாக இருப்பது எப்படி என்று அவள் மறுபடி கற்றுக்கொள்வதுதான் அந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதி. அந்தக் கதையில் அவளோடு உரசியது, அவளுக்குக் கற்றுக்கொடுத்தது எல்லாம் பெரும்பாலும் கேப்டன் ஜேன்வேயும் மருத்துவரும்தான். கடைசி சீசனில் ஒரு எபிசோடில் கற்பனைக் காட்சி அறைக்குள் போய், துணைக் கேப்டன் சக்கோட்டேயின் போலி உருவத்தோடு பழகிப் பார்க்கிறாள். அப்புறம் இறுதி எபிசோடில் இருவரும் நிஜமாகவே ஜோடி. எதிர்காலத்தில் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள் என்று அதே எபிசோட் சொல்கிறது. அதை எப்படி நம்புவது? இத்தனை வருடமும் ஒரே கலத்தில் இருந்த இருவர், ஒருவருக்கொருவர் எதையும் விட்டுக்கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

அதே கலத்தில் இன்னொரு ஜோடி உண்டு, டாம் பாரிஸும் பெலான்னா டோரஸும். பெலான்னா பாதி மனுஷி, பாதி கிளிங்கான் என்ற போர்க்குணம் கொண்ட வேற்றுக்கிரக இனம். கோபம்தான் அவளுடைய கவசம். 1997இல் வந்த ஒரு எபிசோடில் இருவரும் விண்வெளி உடையோடு வெற்றிடத்தில் மிதக்கிறார்கள், ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது. சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவள் கவசத்தைக் கழற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறாள். கல்யாணம் கடைசி சீசனில்தான் நடக்கிறது. நடுவில் சண்டை, சலிப்பு, எஞ்சின் அறை வேலை எல்லாம் இருக்கிறது. ஒரே எழுத்துக் கூடத்திலிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கு நேரம் கொடுத்தார்கள், மற்றதற்குக் கொடுக்கவில்லை.

நேரம் மட்டும் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. ஒரு அறிவியல் புனைவில் எழுத்தாளர் ஒரு விதியை உண்டாக்குகிறார். காலம் வளையும், உடல் இரட்டிக்கும், நினைவு இடம் மாறும் என்று ஏதோ ஒன்று. அந்த விதி காதலர்களை மட்டும் தொடாமல் விட்டுவிட்டால் அந்தக் காதல் வேறு ஏதோ ஒரு நெடுந்தொடரிலிருந்து வெட்டி வைத்த மாதிரி இருக்கும். விதி காதலுக்குள் புகுந்து அதை நெருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்று.

இதை மிக நன்றாகச் செய்தது 1999இல் தொடங்கி நான்கு சீசன் வந்த 'ஃபார்ஸ்கேப்'. ஜான் கிரைட்டன் பூமியிலிருந்து தவறிப்போன விண்வெளி வீரன். ஏரின் சன் ஒரு ராணுவத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். ஒருவர் மேல் பற்று வைப்பது அங்கே பலவீனம். அவளிடம் அந்தப் பயிற்சி உதிர்வதற்கே இரண்டு சீசன் ஆகிறது. மூன்றாவது சீசனில் கிரைட்டன் இரண்டாகப் பிரதி எடுக்கப்படுகிறான். அசல், நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை, இருவரும் அவனேதான். கலத்தில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து போகிறார்கள். ஒரு கிரைட்டனோடு போன ஏரின், முதல்முறையாக எந்தத் தடுப்பும் இல்லாமல் அவனைக் காதலிக்கிறாள். அவன் கதிர்வீச்சில் சாகிறான். அவள் பழைய கலத்துக்குத் திரும்பி வருகிறாள். அங்கே அதே முகம், அதே குரல், பிரிந்த நாள் வரைக்கும் அதே நினைவுகளோடு மற்ற கிரைட்டன் நிற்கிறான். அவனைப் பொறுத்தவரை அவள் காத்திருந்து கிடைத்த காதலி. அவளுக்கோ அவன் செத்துப்போனவனின் முகம். அந்தச் சீசனின் கடைசி எபிசோடுகளில் அவளால் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்க முடிவதில்லை. இந்த வலியை ஒரு கிராமத்துக் கதையிலோ ஒரு மருத்துவமனைத் தொடரிலோ எழுத முடியாது. பிரதி எடுக்கும் இயந்திரம் இருந்தால்தான் எழுத முடியும். அதனால்தான் அது முழுக்க அவர்களுக்கே சொந்தமான காதலாக நிற்கிறது.

'லாஸ்ட்' தொடரில் 2008இல் வந்த ஒரு எபிசோடையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெஸ்மண்டின் மனம் 1996க்கும் 2004க்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கிறது; அது நிற்காவிட்டால் அவன் செத்துவிடுவான். இரண்டு காலத்திலும் இருக்கிற, அவனுக்கு உயிரான ஏதாவது ஒன்று வேண்டும், ஒரு மாறிலி. அது பென்னி. 1996இல் அவள் அவன் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறாள், அவன்தான் அவளை விட்டுவிட்டுப் போனவன். அவளிடம் போய் ஃபோன் நம்பர் கேட்கிறான், எட்டு வருடம் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்கிறான். 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அந்த நம்பருக்கு அழைக்கிறான். அவள் எடுப்பாளா என்பது காதல் கேள்வியும் கூட, இயற்பியல் கேள்வியும் கூட. இரண்டையும் பிரிக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். காதலே வேண்டாம் என்று சொல்கிற நண்பர்கள்கூட இதைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெர்மன் தொடர் 'டார்க்' பற்றி இன்று எல்லோருக்கும் தெரியும். யோனாஸின் அப்பா, காலத்தில் பின்னோக்கிப் போய்விட்ட மிக்கெல். மிக்கெலின் அக்கா மார்த்தா. யோனாஸ் காதலித்தது மார்த்தாவை, அதாவது தன் அத்தையை. மிக்கெலைத் திரும்ப அழைத்து வந்தால் யோனாஸ் பிறக்கவே மாட்டான். அந்த முடிச்சைத் தளர்த்தினால் கதையே இல்லை.

இந்தக் கொள்கைக்கு நாம் வெளியே போகவே வேண்டாம். தொல்காப்பியம் அகப்பாடலுக்கு முதற்பொருளாகச் சொல்வது நிலத்தையும் பொழுதையும். குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல் என்று உணர்ச்சியை நிலத்தோடும் பொழுதோடும் கட்டிவைத்திருக்கிறது. மலையில் பிறந்த காதலும் கடற்கரையில் நின்று ஏங்குகிற காதலும் ஒன்றாக இருக்க முடியாது என்று நம் இலக்கணமே சொல்கிறது. அறிவியல் புனைவு கையில் எடுப்பதும் இடத்தையும் காலத்தையும்தான். அப்படியிருக்க, செவ்வாய்க் கிரகத்தில் நடக்கிற காதலும் சென்னை காபிக் கடையில் நடக்கிற காதலும் ஒரே வசனத்தைப் பேசினால் எப்படி? செவ்வாய்க்கு ஒரு திணை வேண்டாமா?

செவ்வாயிலிருந்து ஒரு சேதி பூமிக்கு வந்து சேர, இரண்டும் இருக்கிற தூரத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். கணவன் அங்கே, மனைவி இங்கே தேவனாம்பட்டினத்தில் என்று வையுங்கள். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். சண்டை போட முடியாது, ஏனென்றால் சண்டைக்கு உடனே பதில் வேண்டும். ஒருவர் பேசுவதை மற்றவர் குறுக்கே தடுக்க முடியாது. முழுதாகச் சொல்லி முடித்து, முழுதாகக் கேட்டு முடிக்க வேண்டும். அப்படிப்பட்ட தம்பதிக்குள் பொய் எப்படி இருக்கும், மௌனம் எப்படி இருக்கும், மன்னிப்பு எப்படி வந்து சேரும்? இதை எழுதுங்கள். ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போகிற கலத்தில் ஒரு வருடம் கழிந்தால் பூமியில் ஏறக்குறைய 7 வருடம் கழிந்திருக்கும். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் திரும்பி வரும்போது தலைவிக்கு நரை விழுந்திருக்கிறது, அவனுக்கு இல்லை. பாலைத் திணையின் பாடல்கள் அத்தனையும் உங்களுக்கு இதற்காகக் காத்திருக்கின்றன.

இதற்கு மனிதர்களைத் தேடி நீங்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. கடலூர் மாவட்டத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் வீடுகளில் உட்கார்ந்து பேசுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்களின் வீடுகளுக்குப் போங்கள். ஒரே திருமணத்தில் இரண்டு கடிகாரம் ஓடுவது எப்படி என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993இல் தொடங்கியபோது ஒரு சீசனுக்கு இருபதுக்கு மேல் எபிசோட் கிடைத்தது. புலனாய்வு அதிகாரிகளான மோல்டரும் ஸ்கல்லியும் ஆதாரம் போதுமா போதாதா என்று வாரா வாரம் வாதாடினார்கள். அந்த வாதமே அவர்கள் பழகிய விதம். 1999இன் முடிவில், ஏழாவது சீசனில் புத்தாண்டு பிறக்கிற நேரத்தில் வந்த முத்தம் அரை நிமிடம்கூட இருக்காது, யாரும் அதை அவசரம் என்று சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைப்பது எட்டு எபிசோட். அதற்குள் முதல் சந்திப்பு, ஊடல், கூடல், பிரிவு எல்லாவற்றையும் திணிக்கப் பார்த்தால் எதுவும் நிற்காது.

அதற்கு நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. சந்திப்பிலிருந்து தொடங்காதீர்கள். கல்யாணம் ஆனவர்களிடமிருந்து தொடங்குங்கள். தூர்தர்ஷனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நிலா காணாமல் போன கணவன் சிபியைத் தேடித்தான் புறப்படுகிறாள். அந்தத் தேடலின் வழியாகத்தான் ஜீவாவின் சர்வாதிகாரம் நமக்குத் தெரிய வருகிறது. பெரியவர்கள் பார்த்து முடித்து வைத்த கல்யாணத்தில், ஒருவரை ஒருவர் இனிமேல்தான் தெரிந்துகொள்ளப் போகிற இருவரை ஒரு விண்வெளி நிலையத்துக்குள் அனுப்பிப் பாருங்கள். அந்தக் கதையை ஹாலிவுட்டால் எழுத முடியாது, உங்களால் முடியும்.

உலகம் அழிகிற கதை எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் கரையைத்தான் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு போயின. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான நாட்களில் மனிதர்கள் நெருங்குவது தண்ணீர் வரிசையில், கூரை கட்டும்போது, நிவாரணக் கணக்கு சரியில்லை என்று சேர்ந்து போய் கேட்கும்போது. 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வில் தளபதி அடாமாவும் அதிபர் ரோஸ்லினும் அப்படித்தான் நெருங்கினார்கள். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை ரோஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பாள். அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் இருவருக்கும் மோதல். முதல் சீசனின் முடிவில் அவர் அவளைச் சிறையில் அடைக்கிறார். அதற்கெல்லாம் பிறகு, புற்றுநோயோடு படுத்திருக்கிறவளுக்கு அவர் புத்தகம் வாசித்துக் காட்டும்போது ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. வெடிப்புக்கு நடுவில் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினான், உடனே காதல் வந்தது என்று எழுதாதீர்கள்.

கதாநாயகனுக்கு ஆவேசம் வருவதற்காக மட்டும் ஒரு பெண்ணை மூன்றாவது எபிசோடில் சாகடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், அந்த உலகத்தின் விதியில் அவளுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

எட்டு எபிசோடுக்கு ஒரு ஜோடி போதும். இரண்டாவது எபிசோடிலேயே அவர்களுக்குள் ஒரு உண்மையான கருத்து வேறுபாடு வரட்டும். அது நீங்கள் உண்டாக்கிய விதியால் வரட்டும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு பார்வையாளர்