சார்ஜோடு காத்திருக்கும் பேட்டரி

ரங்கூன்
புதன் இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் துத்தநாக பேட்டரி ஆராய்ச்சிக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அனவ்ரதா சாலை காளி கோயிலுக்குப் போய் அவள் பேரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. விசிறி இல்லாமல் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இன்வெர்ட்டருக்கு வாங்கிய ஈய பேட்டரி இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது. லித்தியம் வாங்கலாம் என்றால், வீட்டுக்குள் தீப்பிடிக்குமோ என்று அம்மா பயப்படுகிறார். தண்ணீர்க் கரைசலில் ஓடும் துத்தநாக பேட்டரிக்கு அந்தப் பயம் இல்லை.

போன வாரம் அப்பாவின் பழைய டார்ச்சைத் திறந்தேன். பேட்டரிக் கட்டை கசிந்து வெள்ளை பூத்திருந்தது. அந்தக் கட்டையின் குவளையே துத்தநாகம், அதுதான் ஆனோடும், அதாவது மின்சாரம் தரும்போது கரையும் முனை. கரைந்து கரைந்து ஓட்டை விழுந்துவிட்டது. டார்ச் கட்டை தீர்ந்தால் வீசிவிடலாம். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றால்தான் சிக்கல். கரைந்த துத்தநாகம் தகட்டுக்குத் திரும்பும்போது சமமாகப் படிவதில்லை. சின்ன மேடு இருந்தாலும் மின்புலம் அங்கே குவியும், அடுத்து வருவதும் அங்கேயே ஒட்டும். அது முள்ளாக வளர்ந்து, இரண்டு முனைகளையும் பிரிக்கும் நடுத்திரையைக் குத்தி மறுபக்கம் தொட்டால் ஷார்ட்தான்.

முள்ளைவிட எனக்குத் தண்ணீர்தான் பெரிய கவலை. ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் துத்தநாகம் மைனஸ் 0.76 வோல்ட்டில் நிற்கிறது, அதாவது ஹைட்ரஜனைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். அதனால் சும்மா இருக்கும்போதும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஹைட்ரஜன் கிளம்பும், மூடிய செல் உப்பும். வாயு கிளம்பிய இடத்தில் காரம் கூடி, கரைசலில் உள்ள சல்ஃபேட்டோடு சேர்ந்து மாவு போல உப்பு படியும். அது ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால் அரிப்பைத் தடுக்காது.

தடுக்கும் வழிகளும் இருக்கின்றன. 2018இல் ஒரு குழு, ஒரு கிலோ தண்ணீருக்கு 20 மோல் லித்தியம் உப்பைப் போட்டு, சும்மா திரியும் தண்ணீரே இல்லாமல் செய்தது. அருமையான யோசனை, ஆனால் அந்த உப்பின் விலைக்கு நம் வீட்டில் யார் வாங்குவது? 2019இல் கிராஃபீன் என்ற மெல்லிய கார்பன் படலம் பூசிய எஃகின் மேல் படியவிட்டபோது, துத்தநாகம் முள்ளாக எழாமல் தட்டுத் தட்டாகப் படுத்தே வளர்ந்தது. எனக்கு இந்த வழி மிகவும் பிடித்திருக்கிறது, துத்தநாகத்தின் அறுகோணப் படிகத்துக்கு இயல்பான கிடையே அதுதான்.

மருமகளிடம் ஒன்று சொல். கனமான தகட்டை வைத்து ஆயிரம் மணி நேரம் ஓடியது என்று எழுதுகிறார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிராம் துத்தநாகத்தில் 820 மில்லியாம்பியர் மணி சார்ஜ் இருக்கிறது. அதில் துளியை மட்டும் எடுத்துத் திரும்ப ஏற்றினால், எவ்வளவு வீணானாலும் வெளியே தெரியாது. மெல்லிய தகட்டில் செய்யட்டும். அப்புறம், முழு சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் தொடாமல் வைத்து, மீதி எவ்வளவு என்று அளக்கட்டும். எங்கள் வீட்டு பேட்டரிக்குக் கரண்ட் போகும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலும் வேலை.

அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அம்மா கட்டி வைத்த லெப்பெட் (ஊறிய தேயிலை) பொட்டலம், மைத்துனன் வரும்போது உன் கைக்கு வரும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்