தட்டினால் பொத்தென்றது

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்குப் போனில் பேசியதோடு சரி, அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. கோபமாக இருப்பாய், நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாள். நெட்டையன் இன்னும் காசு தரவில்லை. ஊர்ச் சேதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் படகு.

ஆமாம், வாங்கிவிட்டேன். 28 அடி ஃபைபர் படகு, ஆறுகாட்டுத்துறைப் பக்கம் ஓடியது. இன்ஜின் இல்லாமல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். உன் தங்கச்சி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

பார்க்கும்போது நீலப் பெயிண்டில் புதுசு மாதிரி இருந்தது. நம் கரையில் ஏற்றும்போதுதான் சந்தேகம் வந்தது. எட்டுப் பேர் தள்ளி ஏற்றுகிற படகைப் பன்னிரண்டு பேர் பிடித்தும் அசைக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து முன்பக்கத்து அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டங் டங் என்று வந்த சத்தம், இடது பக்கம், அடியில் நீளமாக ஓடும் ஏராவை ஒட்டிய இடத்தில் பொத்தென்று விழுந்தது. சுரண்டினேன். பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே என் முழங்கை நீளத்துக்கு விரிசல். விசாரித்தால், 2018 கஜா புயலில் அந்தப் படகு தோப்புக்குள் போய்க் கிடந்ததாம். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடி இழை மேட்டும் அதை ஒட்டுகிற ரெசினும் வைக்க வேண்டிய இடத்தில் பட்டியை அப்பிவிட்டிருக்கிறார்கள். நாலு பேர் உயிர் போகிற காரியம் இல்லையா இது?

அடியில் சின்னதாக ஒரு துளை போட்டேன். பழுப்பு நிறத்தில் புளித்த நாற்றத்தோடு தண்ணீர் சொட்டியது, மாப்ள. மூன்று நாள் நிற்கவில்லை. மிதப்புக்காக உள்ளே அடைத்த ஃபோம் முழுக்கக் கடலைக் குடித்து வைத்திருக்கிறது. வெயிலில் போட்டால் காய்ந்துவிடும் என்று மாமா சொன்னார். ஊறிய ஃபோம் அப்படியெல்லாம் காயாது. கரண்டியால் தோண்டித் தோண்டி ஒன்பது சாக்கு எடுத்தேன். அந்த இடத்தில் மூடியை ரெசின் வைத்து அடைத்த ஐந்து லிட்டர் கேன்களை வைக்கப் போகிறேன். மேஸ்திரி தெர்மாகோல்தான் மலிவு என்கிறார். ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து போகும், பாலித்தீன் சுற்றித்தான் வைக்க வேண்டும். கேன் என்றால் ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும், கழற்றிப் பார்க்கவும் முடியும். நீ யார் பக்கம்?

இன்ஜின் மாட்டுகிற பின்பலகையும் போய்விட்டது. இன்ஜின் அதிர அதிர போல்ட் ஓட்டை பெரிதாகி, அது வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த பிளைவுட் மண்ணாகிவிட்டது. விரலால் அள்ளினேன். மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு ஒட்டி வைக்கிறேன். இந்தத் தடவை ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ரெசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு நடுவில் துளைத்து போல்ட் முடுக்குவேன். அப்போது தண்ணீர் மரத்தைத் தொடவே வழியில்லை.

விரிசலுக்கு அவசரப்படவில்லை. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கீற்றுப் பந்தல் போட்டுக் காயவிட்டிருக்கிறேன். ஈரத்தின் மேல் மேட் ஒட்டாது, ஒட்டினாலும் ஒரு வருஷத்தில் உரிந்துவிடும். இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி அடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் 10 மில்லி போதும். அதிகாலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். தேய்க்கிற தூள் உடம்பெல்லாம் அரிக்கிறது. என் சட்டையை வீட்டுத் துணியோடு போடக் கூடாது என்று உன் தங்கச்சி உத்தரவு.

உனக்கு நினைவிருக்கும், சுனாமிக்கு முந்தி நம் இரண்டு பேர் அப்பாவும் ஓட்டிய கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகக் காய வைப்பார்கள். நாம்தான் அலுத்துக்கொள்வோம், தினமும் எதற்கு அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று. இந்தப் படகின் வயிற்றுக்குள் கையை விட்டுத் தோண்டும்போது அவர்கள் ஞாபகம்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை. தட்டிப் பார்க்காமல் அப்படியே தம்பியைக் கூட்டிக்கொண்டு பத்துப் பாக ஆழத்துக்குப் போயிருந்தால்?

சரி, விடு. வாடைக் காற்றுக்கு முன்னால் தண்ணீரில் இறக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மீன்வளத்துறையில் பதிவைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன். பஹ்ரைனில் வெயில் எப்படி? எலுமிச்சம்பழம் கிடைக்கிறதா?

உன் வீட்டுப் பரணில் நம் பழைய நங்கூரம் கிடக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் மச்சான்