கருவைக்காட்டில் வண்டியை இறக்கும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் உள்ளே வைத்திருந்த நாலு போட்டோக்களும் வந்து சேர்ந்தன. உங்க அப்பா சோளம் விதைத்து, காவலுக்குப் பரண் கட்டிப் படுத்திருந்த இடமா அது? ஒரு படத்திலாவது வரப்பு தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். சீமைக்கருவை மேல் சீமைக்கருவை ஏறி, ஆடு நுழையக்கூட வழியில்லாமல் கிடக்கிறது. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்குச் சிவகங்கையில் வேலை கிடைத்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள். நீ ரிட்டயர் ஆனதும் ஊர்ப்பக்கம் வந்து விவசாயம் பார்க்கப் போகிறாய் என்று படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சரி, இந்தக் கருவைக்காட்டை யாரை வைத்து எப்படித் திருத்துவது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். மதுரையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நாலு ஏக்கரையும் மொத்தமாக ஒரே தொகைக்குச் சுத்தம் செய்து மட்டம் அடித்துத் தருகிறேன் என்றாராம், விறகும் அவருக்கே என்றாராம். முன்பணம் கொடுத்துவிடாதே. நான் அப்படித்தான் ஒருமுறை கொடுத்தேன்.

2017 உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் மழையே இல்லை. ஊரெல்லாம் வறட்சி. அந்த நேரத்தில்தான் மதுரைக் கிளை நீதிமன்றம் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. நானும் அவசரப்பட்டு வெளியூர் ஆள் ஒருவரிடம் மொத்த ஒப்பந்தமாகப் பேசிவிட்டேன். கரிசல் அப்போது பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. அதில் அடிமரத் தூரைத் தோண்டி எடுக்க ஒரு மரத்துக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். மொத்தத் தொகை பேசியவருக்கு அது கட்டுப்படியாகுமா? முன் பக்கெட்டால் மோதி, கழுத்தோடு முறித்துத் தள்ளிக்கொண்டே போனார். மூன்றே நாளில் நிலம் பளிச்சென்று ஆகிவிட்டது. நானும் மனம் குளிர்ந்து பணத்தைக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் ஏழெட்டுக் கிளை கிளம்பியது. ஒற்றை மரமாக நின்றது புதராகிவிட்டது. கருவைக்கு உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? மண்ணுக்குக் கீழே முக்கால் அடி, ஒரு அடி வரைக்கும் இருக்கிற அந்தத் தூர்க்கட்டையில்தான். அதிலிருந்துதான் மொட்டு விடும். அதை எடுத்துவிட்டால் அதற்குக் கீழே ஆழமாகப் போகிற ஆணிவேர் கிடந்துவிட்டுப் போகட்டும், பாதகமில்லை. தூரை விட்டுவிட்டு மேலே என்ன செய்தாலும் கவாத்து பண்ணினது போலத்தான்.

அதைவிட என்னை வாட்டியது மட்டம் அடித்த விஷயம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேல்மண்ணை அரை அடிக்குச் சுரண்டி வரப்போரம் குவித்துவிட்டார்கள். அடியில் இருந்த சுண்ணாம்புச் சுக்கான் மேலே வந்துவிட்டது. அந்தத் துண்டில் இரண்டு வருஷம் முண்டு மிளகாய் போட்டுப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட வரவில்லை, இலையெல்லாம் வெளுத்துப்போனது. அப்பாவும் தாத்தாவும் ஆட்டுக் கிடை போட்டுக் கிடை போட்டு ஆக்கி வைத்த மண் அது. முள்ளை மறுபடி எடுக்கலாம், அந்த மண்ணை எங்கே போய் வாங்குவது?

போன தை கடைசியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன். சொந்தமாக ஒரே ஒரு வண்டி, அவனே ஓட்டுகிறான். ரேட் கேட்டதும் சொல்லவில்லை. “முதல்ல காட்டைச் சுத்திப் பாத்துருவோம் ஐயா” என்றான். கையில் ஒரு கடப்பாரையோடு வந்தான். நாலைந்து இடத்தில் குத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தான். “இன்னும் பத்து நாள் காயட்டும். இப்ப இறக்குனா சக்கரம் புதையும், மண்ணும் இறுகிப்போகும்” என்றான். வேலையை ஒத்திவைக்கச் சொல்கிற ஒப்பந்தக்காரனை நான் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் வடகிழக்கு மூலைக்குப் போனோம். 2017-இல் வந்தவர்கள் அந்த மூலையைத் தொடவேயில்லை. தம்பி சட்டென்று கையை நீட்டி என்னை நிறுத்தினான். “சின்னப் பிள்ளையில இங்க ஆடு மேய்ச்சிருக்கேன். இந்தப் பக்கம் ஒரு கிணறு கிடக்கணுமே.” நீளமான கம்பால் முள்ளை விலக்கி விலக்கிப் பார்த்தான். மூன்றாவது விலக்கலில் ஒரு கரும்பள்ளம். பெரியப்பா காலத்துக் கிணறு, மாப்பிள்ளை. கைப்பிடிச் சுவர் இடிந்து உள்ளே விழுந்து, மேலே கருவை கூரை போட்டதுபோல் மூடியிருந்தது. ஒரு கல்லைப் போட்டான். சத்தம் வர நேரமாயிற்று. ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அதன் விளிம்பில் ஏறியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது. வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? உள்ளூர் ஆளை வை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

வேலை நடந்த விதத்தையும் சொல்கிறேன், உனக்கு உதவும். மரத்தை முதலில் வெட்டவிடவில்லை. நிற்கிற மரமாக இருந்தால்தான் வண்டிக்கு நெம்புகோல் கிடைக்கும். பின் பக்கெட்டால் ஒரு பக்கம் வேரை அறுத்து, சுற்றிப் போய் வண்டியின் கையை மரத்தில் உயரமாக வைத்துத் தள்ளினால், தூர் மண்ணைப் பிளந்துகொண்டு முழுசாக மேலே வருகிறது. அந்த ஈரப் பதத்தில் ‘மளுக்’ என்று ஒரு சத்தம், கூடவே மண்வாசனை. வந்த தூரைப் பக்கெட்டால் இரண்டு தட்டு தட்டி, ஒட்டியிருந்த மண்ணை அந்தக் குழியிலேயே உதிர்த்துவிட்டுத்தான் ஓரம் போடுவான். அதற்குப் பிறகு கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து விறகையும் தூர்க்கட்டையையும் சேர்த்து விலை பேசி எடுத்துப் போனார்கள். மட்டம் அடிக்கவே இல்லை. குழியை மட்டும் தூர்த்துவிட்டு, சட்டிக் கலப்பை போட்டு இரண்டு உழவு. உழவில் புரண்ட வேர்களைப் பொறுக்க நாலு பெண்கள் இரண்டு நாள் வந்தார்கள். அதைச் செலவு என்று விட்டுவிடாதே. கருவை முள் டிராக்டர் டயரையே பதம் பார்த்துவிடும்.

கூலி மணிக்கணக்கு. மணிக்கு 1,200 ரூபாய், இரண்டரை ஏக்கருக்கு 19 மணி நேரம் ஆனது. உங்கள் பக்கம் ரேட் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். காலையில் வண்டி ஏறும்போதும் சாயங்காலம் அணைக்கும்போதும் வண்டி ஓடிய மணி காட்டுகிற மீட்டரை நீயே பார்த்து நோட்டில் எழுது. புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் ஒன்று கூடினால் ஆறு நிமிஷம். எஞ்சின் சும்மா ஓடினாலும் மீட்டர் ஓடும், அதனால் சாப்பிடும்போதும் போன் பேசும்போதும் அணைத்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடு. வண்டி வந்து போகிற நேரம் யார் கணக்கு, ஓட்டுநர் பேட்டா தனியா என்பதையும் கேட்டுவிடு. வேலை நடக்கிற நேரமெல்லாம் நீ அங்கே நிற்க வேண்டும். தம்பி நல்லவன்தான், ஆனாலும் எந்த மரம் நிற்கட்டும், எது போகட்டும் என்று சொல்ல ஆள் வேண்டாமா? நான் வேம்பு, பனை, இரண்டு நாட்டுக் கருவேலம், எல்லாவற்றிலும் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி வைத்தேன். உன் நிலத்தில் தெற்கே ஆறு பனை நின்றதே, இருக்கிறதா? பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். அனுமதி இருந்தாலும் வெட்டாதே.

உன் கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய், ஒரு துண்டில் மூன்று அடி மண்ணை எடுத்துக்கொண்டால் மீதியைக் காசில்லாமல் திருத்தித் தருவதாக அந்த ஆள் சொன்னார் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பட்டா நிலமாகவே இருந்தாலும் அனுமதி இல்லாமல் மண் எடுத்து வெளியே கொண்டுபோனால் அது கனிம விதிகளின்படி குற்றம். கேள்வி வந்தால் லாரிக்காரர் இருக்கமாட்டார், பட்டாவில் உன் பெயர்தான் இருக்கும். எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், மறுபடி கருவைதான் வரும். உங்க அப்பா நிலத்துக்கு அதைச் செய்யாதே, மாப்பிள்ளை.

வண்டி இறங்கும் முன்னால் நிலத்தை அளந்துவிட வேண்டும். கிழக்கே இருப்பது உங்கள் வரப்பா ஓடைப் புறம்போக்கா என்று எனக்கே சந்தேகம். ஓடைக்குள் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது, கீழே கண்மாய்க்குப் போகிற வரத்து அது. ரோட்டோரமாகக் கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது, பஞ்சாயத்தில் கேட்டு அடையாளம் போட்டுக்கொள்ளலாம். தாழ்ந்து தொங்குகிற கரண்ட் கம்பியைப் பற்றி மின்வாரியத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஐப்பசி மழை எப்படிப் பெய்கிறது என்று பார்த்துக்கொண்டு, தை பிறந்ததும் வா. மேற்கு வயல்காரர் அறுத்து முடித்த பிறகுதான் வண்டிக்குப் பாதை கிடைக்கும், அவரிடம் நான் இப்போதே பேசி வைக்கிறேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன். ரேட்டைப் பற்றி இப்போதும் வாய் திறக்கவில்லை, அந்தக் காட்டை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்கிறான். வரும்போது பட்டாவும் எஃப்எம்பி என்கிற நில அளவைப் படத்தின் நகலும் எடுத்து வா. கனமான செருப்பு கொண்டு வா, ரப்பர் செருப்பு வேண்டாம். இங்கேயே தங்கிக்கொள்ளலாம். காலையில் வெயில் ஏறுவதற்குள் மூன்று பேரும் நடந்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்