என்னை வாசகியாக்கியவர்களுக்கு

அன்புள்ள அத்தைக்கும், நூலகர் ஐயாவுக்கும், நான்காம் வகுப்பு ஆசிரியைக்கும், முகம் அறியாத இன்னும் பலருக்கும்,

வணக்கம். மனிதன் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. பேச்சைப் போல வாசிப்பு யாருக்கும் தானாக வந்துவிடுவதில்லை. யாரேனும் அருகில் அமர்ந்து கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். எனக்கு அப்படி வாய்த்தவர்கள் நீங்கள்.

அத்தை, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற பிறகும் நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்தவில்லை. "இனி நீயே படித்துக்கொள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. சிறு பிள்ளைகளுக்குத் தாமே படித்து விளங்குவதைவிடக் காதால் கேட்டு விளங்குவது அதிகம். அன்றாடப் பேச்சில் வராத எத்தனையோ சொற்கள் உங்கள் குரல் வழியாகவே எனக்குள் வந்து சேர்ந்தன. கேட்ட கதையையே மறுபடியும் கேட்டபோதும், ஒரு வரியைக்கூடத் தாண்டாமல் வாசித்தீர்களே!

நூலகர் ஐயா, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. பின்னாளில் அதைப் படித்தபோது உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. பாதியில் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு நீங்கள் காரணம் கேட்டதில்லை. "அப்படியானால் இதைப் பார்" என்று வேறொன்றை எடுத்து நீட்டினீர்கள்.

ஆசிரியை அவர்களே, எல்லாவற்றிலும் பெரிய கொடை உங்களுடையது என்றே சொல்வேன். வகுப்பில் விரும்பியதைப் படிக்க நேரம் ஒதுக்கினீர்கள். கதைச்சுருக்கம் கேட்கவில்லை, நீதி என்னவென்று கேட்கவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை. நாங்கள் படிக்கும்போது நீங்களும் உங்கள் புத்தகத்தில் மூழ்கியிருந்தீர்கள். சில வேளை படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரியவர்களுக்கும் ஒரு புத்தகம் இவ்வளவு இன்பம் தருமா என்று வியந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஆசை இன்றுவரை என்னை விடவில்லை. கேள்வி கேட்டுத் துளைத்திருந்தால் அது அன்றே வாடியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழந்தைகளுக்காக மொழிபெயர்த்தவர்களே, ஓவியம் தீட்டியவர்களே, பல கைகள் புரட்டிக் கிழிந்த தாள்களைத் தைத்து அட்டை போட்டுத் தந்த பைண்டிங் தொழிலாளர்களே, உங்கள் உழைப்பும் என் ஒவ்வொரு புத்தகத்திலும் இருந்தது. உங்களுள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், என் மனமார்ந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் வாசகி